பயிற்சி மருத்துவருக்குக் குழந்தையின் மனத்தையும் வீட்டையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

குழந்தைகள் மருத்துவப் பிரிவில் புதிதாகக் கற்பிக்க வருபவர்களின் கையில் பெரும்பாலும் முதலில் வந்து சேரும் தலைப்பு இதுதான்: குழந்தை நலத்தில் உளவியல், சமூகக் கூறுகள். இதயக் குறைபாடு, வலிப்பு போன்ற தலைப்புகள் மூத்தவர்களிடம் இருக்கும். இது மட்டும் பாடத்திட்டத்தின் கடைசி வாரத்தில், ஒரு மணி நேர வகுப்பாக, புதியவரின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கும் அப்படி வந்திருந்தால் உடனே ஸ்லைடு தயாரிக்க உட்காராதீர்கள். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். வீட்டு நிலைமை முக்கியம் என்று எல்லாப் பயிற்சி மருத்துவர்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஏன் கேட்பதில்லை?

அக்கறை இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நேரம் இல்லை என்று பயிற்சி மருத்துவர்களே சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரிய காரணம் பயம். "வீட்டுல எல்லாரும் எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டு, அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று பயிற்சி மருத்துவருக்குத் தெரியாது. காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் வரும் பதிலுக்கு அவரிடம் மருந்து இருக்கிறது. "அவர் குடிச்சிட்டு வந்து அடிக்கிறார்" என்ற பதிலுக்கு அவரிடம் எதுவும் இல்லை. வரும் பதிலை என்ன செய்வதென்று தெரியாத கேள்வியை யாரும் மனமுவந்து கேட்க மாட்டார்கள். ஆகவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். பதிலை எதிர்கொள்வது முதலில். கேள்வி கேட்பது அதற்கப்புறம். கோட்பாடு, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் அளவுக்கு.

அந்தக் கோட்பாட்டில் தெரிந்திருக்க வேண்டியது குறைவுதான். 1977இல் ஜார்ஜ் எங்கெல் என்ற மருத்துவர், நோயை உடலின் கோளாறாக மட்டும் பார்க்கும் முறை போதாது, உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1975இல், குழந்தை மருத்துவர் ராபர்ட் ஹாகர்ட்டியும் உடன் பணியாற்றியவர்களும் பள்ளிப் பிரச்சினை, நடத்தைச் சிக்கல், குடும்பத் தத்தளிப்பு ஆகியவற்றுக்குப் 'புதிய நோய்ச்சுமை' என்று பெயரிட்டிருந்தார்கள். இருவரும் அமெரிக்காவின் ராசெஸ்டரில் பணியாற்றியவர்கள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மீதி நேரம் எல்லாம் பயிற்சிக்கே.

முதல் படி: ரவுண்ட்ஸில் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?

வகுப்பில் நீங்கள் சொல்வதைவிட ரவுண்ட்ஸில் நீங்கள் கேட்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பில் குடும்பத்தைப் பற்றி உருகிவிட்டு, மறுநாள் படுக்கையருகில் பொட்டாசியம் அளவை மட்டும் கேட்டால், எது முக்கியம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். கேஸ் சொல்லும்போது கடைசியில் "சமூக ஹிஸ்டரி, குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை" என்று ஒரே மூச்சில் முடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். முக்கால்வாசி நேரம் அங்கே கேட்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஐந்து விஷயங்கள் வர வேண்டும்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குழந்தையை உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார், இந்த நோயால் குழந்தை செய்ய முடியாமல் போனது என்ன, பெற்றோர் மனத்தில் இருக்கும் பெரிய பயம் எது, சிகிச்சை பற்றி வீட்டில் முடிவெடுப்பவர் யார். இவற்றைக் கேஸின் தொடக்கத்திலேயே, வயதுக்கும் எடைக்கும் அடுத்து, சொல்ல வேண்டும். கடைசியில் வைத்தால் அவசரத்தில் உதிர்ந்துவிடும்.

டோஸ் தெரியாவிட்டால் எந்தக் குரலில் கேட்பீர்களோ அதே குரலில் இதையும் கேளுங்கள். "அப்பா என்ன பயப்படுறாருன்னு தெரியலையா? சரி, கேட்டுட்டு வந்து மத்தியானம் சொல்லுங்க." கோபம் வேண்டாம். ஆனால் மத்தியானம் மறக்காமல் கேளுங்கள். ஒரு பயிற்சி மருத்துவரை மாற்றும் வேலையில் பாதியை அந்த மத்தியானக் கேள்விதான் செய்கிறது.

ஓர் எச்சரிக்கை. குடும்பத்தின் அந்தரங்கங்களைப் பத்துப் பேர் சூழ நின்று படுக்கையருகே பேசக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்குக் காது கேட்கும். குழந்தைக்கும் கேட்கும். அதைத் தனி அறையில் பேசுங்கள்.

இரண்டாம் படி: வரப்போகும் பதிலுக்குத் தயார் செய்யுங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்கே ஒதுக்குங்கள். பயிற்சி மருத்துவரை உறைய வைக்கும் பதில்கள் ஏறக்குறைய மூன்று வகை. மூன்றையும் தனித்தனியே பழக்க வேண்டும்.

ஒன்று, கண்ணீர். அம்மாவோ அப்பாவோ அழும்போது இளம் மருத்துவர் செய்யும் முதல் காரியம் பேச்சை மாற்றுவது, அல்லது "எல்லாம் சரியாயிடும்" என்பது. இரண்டுமே கதவைச் சாத்திவிடும். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்லுங்கள். சில நொடிகள் எதுவும் பேச வேண்டாம். பிறகு பார்த்ததைப் பெயர் சொல்லி ஒரு வாக்கியம்: "இவ்வளவு நாளா இதைத் தனியாவே சுமந்துட்டு இருக்கீங்க போலிருக்கு." அடுத்து ஒரே ஒரு கேள்வி: "இதுல இப்ப உங்களை ரொம்ப வாட்டுறது எதும்மா?" பெரும்பாலும் இவ்வளவு போதும். அழுகையைத் தீர்த்துவைப்பது தன் பொறுப்பு இல்லை என்று தெரிந்தாலே பயிற்சி மருத்துவரின் தோள் தளர்ந்து இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

இரண்டு, "செத்துடலாம்னு தோணுது" என்று ஒரு பதின்ம வயதுப் பிள்ளை சொல்வது. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. அது தவறு. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்கு ஆறுதல். எண்ணம் மட்டுமா, திட்டம் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றதுண்டா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கப் பழக்குங்கள். இப்படி ஒரு பதில் வந்தபின் அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. சீனியருக்கு அப்போதே தகவல் போக வேண்டும். நாளைக் காலை என்பது கிடையாது.

மூன்று, துன்புறுத்தல். இங்கே பயிற்சி மருத்துவர் துப்பறிவாளராக மாறிவிடும் ஆபத்து உண்டு. "அப்பாதானே அடிச்சாரு?" என்பது கேள்வியே அல்ல, பதிலை வாயில் ஊட்டுவது. "இது எப்படி ஆச்சு?" என்பதே போதும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, மேற்கோள் குறிக்குள், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நீங்கள் பணிபுரியும் இடத்தின் சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வார்டில் ஒட்டுங்கள். இதைத் தனி ஆளாகச் செய்யும் நிலை எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் வரவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு தாள் தேவை. சமூகப் பணியாளர், உளவியலாளர், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய மனநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம், பெற்றோர் ஆதரவுக் குழு: யார், எந்த நாள், எந்த எண். இந்தத் தாளை நீங்கள் தயாரித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் பட்டியலில் ஒருவரை நேரில் போய்ப் பார்த்து, "நாங்கள் அனுப்பும் குழந்தைக்கு இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டுவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். முகம் தெரிந்தவரிடம் அனுப்புவது வேறு, கேஸ் ஷீட்டில் 'கவுன்சலிங் பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதுவது வேறு.

மூன்றாம் படி: கேட்காமல் இருந்து கேட்பது

1984இல் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் மருத்துவர்–நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். குழந்தைகள் மருத்துவத்தில் இதற்கும் முன்னோடியான ஆய்வு பார்பரா கோர்ஷ் 1968இல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் 800 சந்திப்புகளை அவருடைய குழு பதிவு செய்தது. தங்களுடைய பெரிய கவலையை மருத்துவரிடம் சொல்லவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்ன தாய்மார்கள் அதில் கணிசமாக இருந்தார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டு, அன்றே ஓ.பி.யில் ஒரு பயிற்சி கொடுங்கள்: முதல் ஒரு நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது. "ம்", "சொல்லுங்க" தவிர வேறு சொல் கூடாது. இந்த ஒரு நிமிடம் வேலையை நீட்டிவிடும் என்று பயப்படுவார்கள். ஆனால் பெரும்பாலான பெற்றோர் அதற்குள்ளாகவே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவதை அவர்களே காண்பார்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஆர்தர் க்ளைன்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978இல் கொடுத்த எட்டுக் கேள்விகள் இன்றும் நல்ல அடித்தளம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். மூன்று போதும்: இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? இதில் உங்களுக்கு மிகவும் பயம் தருவது எது? முதல் கேள்வியைக் கேட்கும்போது சில பெற்றோர் "அது உங்களுக்குத்தானே டாக்டர் தெரியும்" என்பார்கள். "மருத்துவக் காரணத்தை நான் பார்க்கிறேன். நீங்க மனசுல என்ன நினைச்சிட்டு இருந்தீங்கன்னு தெரிஞ்சா எனக்கு உதவும்" என்று மறுபடி கேட்கப் பழக்குங்கள். தன் தவறால்தான் வந்தது என்ற குற்ற உணர்வு அந்த இரண்டாவது முறையில்தான் பெரும்பாலும் வெளியே வரும்.

குழந்தையிடமும் கேட்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. வார்டில் அதன் நடைமுறை எளிமையானது: குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மாவிடம் கேட்பதற்கு முன் அதனிடம் ஒரு கேள்வி. சிறு குழந்தை பேசாவிட்டால் தாளும் க்ரேயானும் கொடுக்கலாம். படத்துக்குப் பொருள் சொல்லும் வேலையை மட்டும் பயிற்சி மருத்துவர் செய்ய வேண்டாம். "இது யாரு? என்ன பண்றாங்க?" என்று கேட்பதோடு நிற்கட்டும்.

பதின்ம வயதினருக்கு 'ஹெட்ஸ்' என்ற, தலைப்புகளின் ஆங்கில முதலெழுத்துகளால் பெயர் பெற்ற கேள்வி வரிசை உலகெங்கும் பயன்படுகிறது. 1988இல் கோல்டன்ரிங், கோஹென் இருவரின் கட்டுரை வழியாகப் பரவியது. வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, தற்கொலை எண்ணம் என்று போகும். உணவும் பாதுகாப்பும் பிற்பாடு சேர்ந்தன. இந்த வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூச்சம் தராத இடத்தில் தொடங்கிக் கூச்சம் மிகுந்த இடத்துக்குப் படிப்படியாகப் போகிறது. அதைப் படிவம் நிரப்புவது போல வாசித்தால் அந்த நுணுக்கம் செத்துவிடும். பெற்றோரை வெளியே அனுப்பித் தனியாகப் பேசும் முன் சொல்ல வேண்டியதை வரிக்கு வரி ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்: "நீ எங்கிட்ட சொல்றது நமக்குள்ளயே இருக்கும். ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல உன்னை யாராவது துன்புறுத்துறாங்கன்னா, அதை நான் மட்டும் வெச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைச் சொல்லாமல் தொடங்கிவிட்டுப் பாதியில் வாக்கை மீறினால், அந்தப் பிள்ளை அடுத்த பல வருடங்களுக்கு எந்த மருத்துவரையும் நம்பாது.

நான்காம் படி: பார்க்கும் கண்

கேள்விகளுக்கு முன்பே குழந்தை நிறையச் சொல்லிவிடுகிறது. பயிற்சி மருத்துவரைக் காத்திருப்புப் பகுதியில் பத்து நிமிடம் உட்கார வைத்து, ஒரு குழந்தையையும் அதன் பெரியவரையும் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். நோட்டில் முடிவுகள் வேண்டாம், செயல்கள் மட்டும். 'அம்மாவுக்கு அக்கறையில்லை' என்று எழுதக் கூடாது. 'குழந்தை மூன்று முறை திரும்பிப் பார்த்தது, அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்' என்று எழுதலாம். அந்த அம்மா வேலையிடத்தில் விடுப்புக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கலாம். செயலையும் முடிவையும் பிரிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அப்படி யோசிக்க இடமிருக்கும்.

இதைக் கற்பிக்க ஒரு வரலாறு கைகொடுக்கும். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் வருகைக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. குழந்தைகள் சில நாட்கள் அழுவார்கள், பிறகு 'பழகிக்கொள்வார்கள்' என்று ஊழியர்கள் நம்பினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952இல் வெளியிட்டார். பழகிக்கொண்டதாகத் தோன்றிய அமைதி உண்மையில் நம்பிக்கை இழந்த அமைதி என்பதைப் படம் காட்டியது. அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல் என்று மூன்று கட்டங்களை விவரித்தார்கள். மருத்துவ உலகில் முதலில் கிளம்பியது கோபம்தான். ஆனால் 1959இல் வந்த பிளாட் அறிக்கை என்ற பிரிட்டிஷ் அரசுக் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதைச் சொன்ன பிறகு வார்டுக்குப் போய்ப் பயிற்சி மருத்துவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: இங்கே மிக அமைதியாக இருக்கும் குழந்தை யார்? 'சமர்த்து, ஊசிக்குக்கூட அழலை' என்று எல்லோரும் மெச்சும் குழந்தையிடம் போய் உட்காரட்டும். ஊசிக்கு அழும் குழந்தைக்கு இன்னும் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆராய வேண்டியது அழாத குழந்தையைத்தான்.

ஐந்தாம் படி: ஒரு கேஸை முழுதாக எடுத்து நடத்துங்கள்

பத்து நோய்களுக்குப் பத்து ஸ்லைடு போடுவதைவிட, ஒரே கேஸை ஒன்றரை மணி நேரம் பேசுவது பலன் தரும். நான் எடுப்பது திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி. ஜான் ஆப்ளி 1958இல் பிரிஸ்டலில் 1000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது பத்தில் ஒருவருக்கு மேல் இந்த வலி இருந்தது. மூன்று மாதங்களில் குறைந்தது மூன்று முறை, அன்றாடச் செயல்களைத் தடுக்கும் அளவுக்கு வரும் வலி என்பது அவர் வைத்த அளவுகோல். ஆக, எந்தப் பயிற்சி மருத்துவரும் இதிலிருந்து தப்ப முடியாது.

வகுப்புக்காக உருவாக்கிய கேஸ் இது. ஒன்பது வயதுச் சிறுமி. நான்கு மாதங்களாகத் தொப்புளைச் சுற்றி வலி. காலையில் அதிகம், விடுமுறையில் குறைவு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இரண்டு முறை எடுத்தாகிவிட்டது, எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அம்மா மூன்றாவது முறை ஸ்கேன் கேட்கிறார்.

முதலில் உடல் பக்கத்து அபாய அறிகுறிகளைச் சொல்ல விடுங்கள்: எடை குறைவது, வளர்ச்சி நிற்பது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, மலத்தில் ரத்தம், பித்த நிற வாந்தி, காரணமில்லாக் காய்ச்சல், தொப்புளிலிருந்து விலகி ஒரே இடத்தில் நிற்கும் வலி. இதில் குறை வைத்தால் உளவியல் பேசும் தகுதி போய்விடும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு, "விடுமுறையில் குறைவு என்றால் என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் "நடிக்கிறாள்" என்பார், அல்லது அதையே நாகரிகமாகச் சொல்வார். இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். பதற்றத்தில் நம் எல்லோருக்கும் இதயம் படபடக்கிறது. அந்தப் படபடப்பு நடிப்பு இல்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே இரு திசையிலும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. சில குழந்தைகளுக்குக் குடலின் இயல்பான அசைவே வலியாக உணரப்படுகிறது. மனக்கவலை அந்த உணர்வைக் கூட்டுகிறது. ஆகவே வலி உண்மை.

அடுத்து: நான்கு மாதங்களுக்கு முன் வீட்டில் என்ன நடந்தது? அப்போதுதான் பாட்டி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார் என்ற தகவலைக் கொடுங்கள். சிறுமி பாட்டியோடுதான் படுத்துத் தூங்குவாள். அறையில் ஓர் அமைதி வரும். மூன்றாவது ஸ்கேன் ஏன் என்பது சொல்லாமலே புரியும். ஒவ்வொரு முறை 'நார்மல்' என்று அறிக்கை வரும்போதும் அந்த அம்மாவுக்கு நிம்மதி வரவில்லை, இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்ற பயம்தான் வளர்ந்தது. யாரும் அவருடைய பயத்தைக் கேட்காததால் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பின்னர் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லம்மா" என்ற சொல்லைத் தடை செய்துவிடுங்கள். இப்படித் தொடங்கலாம்: "பாப்பாவுக்கு வலி நிஜமாவே இருக்கும்மா. உங்க அம்மாவுக்கு வந்த மாதிரி ஆயிடுமோன்னு பயந்திருப்பீங்க. அதுக்கான அறிகுறி எதுவும் இவகிட்ட இல்லை. எப்படிச் சொல்றேன்னு ஒவ்வொண்ணா விளக்குறேன்." அதன் பிறகே வலிக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு. இந்த வரிசை மாறினால் 'டாக்டர் எல்லாம் மனசுன்னு சொல்லிட்டார்' என்று வேறு இடம் தேடிப் போவார்கள்.

திட்டத்திலும் ஒரு முக்கியமான விஷயம். "வலி வந்தா வாங்க" என்று அனுப்பக் கூடாது. அது மருத்துவரின் கவனத்தை வலியோடு கட்டிவைத்துவிடும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டிய தேதி ஒன்றைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்புவது வலி போகும்வரை காத்திருக்காமல், தேவையானால் அரை நாளாகவாவது, ஆசிரியருக்குத் தெரிவித்துத் தொடங்க வேண்டும்.

உடல் காரணங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகே மனத்தைப் பார்ப்பது என்ற பழக்கத்தை இந்தக் கேஸை வைத்தே உடைக்க வேண்டும். இரண்டையும் முதல் நாளிலிருந்து சேர்த்தே கேட்டிருந்தால் இரண்டாவது ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது. நேரம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம்: 1964இல் க்ரீன், சோல்னிட் இருவரும் விவரித்த நிலை. சாவின் விளிம்பு வரை போய்ப் பிழைத்த குழந்தையை, முழுதாகக் குணமான பிறகும் பெற்றோர் எந்நேரமும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடே வளர்ப்பதும், அதனால் குழந்தைக்குத் தூக்கம், பிரிவு, படிப்பு ஆகியவற்றில் சிக்கல் வருவதும். பிறந்தவுடன் ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைகளின் டிஸ்சார்ஜ் பேச்சில், "இனி இவன் சாதாரணக் குழந்தைதான்" என்று சத்தமாகச் சொல்வதும் சிகிச்சையே.

ஆறாம் படி: ஒத்திகை

மூன்று பேர் கொண்ட குழுக்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் பெற்றோர், ஒருவர் பார்வையாளர். ஏழெட்டு நிமிடம், பிறகு இடம் மாறுவது. மருத்துவராக இருப்பவர் எந்த நொடியிலும் "நிறுத்து" என்று சொல்லி யோசிக்கலாம், திரும்பத் தொடங்கலாம். இந்த அனுமதிதான் ஒத்திகையின் உயிர். பெற்றோராக நடித்தவர்கள், "நீங்க கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டே பேசினப்போ எனக்குக் கோபம் வந்தது" என்று சொல்லும் வாக்கியம் உங்கள் எந்த விரிவுரையையும்விட ஆழமாக இறங்கும். வசதி இருந்தால் பயிற்சி பெற்ற நடிகர்களைப் பயன்படுத்தலாம். 1960களில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்த முறை அது. குழந்தைகளை மட்டும் துயரமான காட்சிகளில் நடிக்க வைக்காதீர்கள்.

கருத்துச் சொல்லும்போது, செய்தவர் முதலில் பேசட்டும்: எது நன்றாக வந்தது, எதை மாற்றுவார். நீங்கள் கடைசியில். ஒருவருக்கு ஒரு திருத்தம் போதும்.

உண்மையான பெற்றோரை ஆசிரியராக அழைப்பதும் உண்டு. நீண்டகால நோயுள்ள குழந்தையின் அம்மாவோ அப்பாவோ, நோய் என்னவென்று முதன்முதலில் சொல்லப்பட்ட நாளைப் பற்றிப் பேசும்போது பயிற்சி மருத்துவர்கள் குறிப்பெடுப்பதைக்கூட நிறுத்திவிடுவார்கள். எதைச் சொல்ல விரும்பவில்லை என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தம் குழந்தைக்குத் தற்போது சிகிச்சை தரும் குழுவின் முன் பேசச் சொல்லாதீர்கள். மனம் திறந்து பேச முடியாது. பேசி முடித்ததும் அவரை வெறும் நன்றியோடு அனுப்பிவிடாமல் சிறிது நேரம் உடன் இருங்கள்.

ஏழாம் படி: மருத்துவரின் மனம்

1998இல் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினரின் ஆய்வு, சிறுவயதில் அனுபவித்த துன்புறுத்தலும் புறக்கணிப்பும் குடும்பச் சிதைவும் கூடக்கூட, வளர்ந்த பிறகு இதயநோய், மனச்சோர்வு போன்றவற்றின் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. இதைக் கற்பிக்கும்போது இரண்டு கவனங்கள் தேவை. அது பெரிய மக்கள்தொகையின் போக்கு. ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தை மதிப்பெண் போட்டுச் சொல்லும் கருவி ஆகாது. நம்பத்தகுந்த ஒரு பெரியவர் கூடவே இருப்பது எவ்வளவோ காப்பாற்றும். இன்னொன்று, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களில் சிலருக்கும் அப்படிப்பட்ட சிறுவயது இருந்திருக்கும். யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எழுந்து போனவரிடம் பிறகு தனியாக, மெதுவாக, ஒரு முறை விசாரியுங்கள்.

ஒரு குழந்தை இறந்த வாரத்தில் வழக்கமான வகுப்பு வேண்டாம். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களோடு தொடங்கிய கலந்துரையாடல் குழுக்களின் பாணியில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். ஒருவர் தன் மனத்தை விட்டு நீங்காத ஒரு குழந்தையைப் பற்றிப் பேசட்டும். யாரும் சிகிச்சையைக் குறை சொல்லக் கூடாது, யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. அந்தக் குடும்பம் என்ன உணர்ந்திருக்கும், பேசுபவருக்குள் என்ன நடந்தது என்பது மட்டுமே பேச்சு. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும்.

எட்டாம் படி: மதிப்பிடுவது

கேள்வித்தாள்களைப் பற்றி முதலில். குழந்தைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களைக் கண்டறிய உதவும் குட்மனின் 25 கேள்விப் படிவம், ஜெல்லினெக்கின் 35 கேள்விப் பட்டியல், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான எடின்பரோவின் 10 கேள்விகள் ஆகியவற்றைப் பயிற்சி மருத்துவர் ஒரு முறையாவது கையாண்டிருக்க வேண்டும். மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்ட வடிவத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் கூடுதலாக வந்தால் பேச்சைத் தொடங்க ஒரு காரணம் கிடைத்தது என்று பொருள், நோயறிதல் முடிந்தது என்று பொருள் அல்ல.

பயிற்சி மருத்துவரை மதிப்பிட எழுத்துத் தேர்வு பயன்படாது. ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடில், அறிவது அடித்தளம், உண்மையான இடத்தில் செய்வது உச்சி. இந்தப் பாடம் முழுக்க உச்சியில்தான் இருக்கிறது. ஆகவே நேரில் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை, ஓ.பி.யின் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து ஒரே ஒரு சந்திப்பைப் பாருங்கள். "உங்க கஷ்டம் புரியுது" என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் அதை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். பார்க்க வேண்டியது இவை: பெற்றோரின் கவலை வெளியே வந்ததா? வந்த கவலை சிகிச்சைத் திட்டத்துக்குள் ஏறியதா? குழந்தையிடம் ஏதாவது நேரடியாகக் கேட்கப்பட்டதா? அடுத்து யாரிடம், எப்போது போக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா?

கடைசிக் கேள்விக்கு விடையைப் பயிற்சி மருத்துவரிடம் கேட்காதீர்கள். அறையை விட்டு வெளியே வரும் அம்மாவிடம் கேளுங்கள்: "டாக்டர் என்னம்மா சொன்னாங்க? அடுத்து என்ன பண்ணப் போறீங்க?" அவர் சொன்னதை, அவருடைய சொற்களிலேயே எழுதி, அன்று மாலைக்குள் பயிற்சி மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து இப்படியே இன்னொரு தாள் எழுதி, அதே பயிற்சி மருத்துவருடன் மறுபடி உட்கார்ந்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.